முதல் நோயாளி: குற்றவாளியா, சாட்சியா?
(முத்துக்கரையின் கொள்ளைநோய் வரலாறு தரும் பாடம்)

முன்னுரை

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் எட்டாவது குறட்பாவில் வள்ளுவர் மருத்துவனுக்கு ஒரு வரிசைமுறையை வகுத்துத் தருகிறார். இன்ன நோய் என்று ஆராய்தல், அந்நோய் பிறந்த காரணத்தை ஆராய்தல், அதைத் தணிக்கும் வழியை ஆராய்தல், பின்னர் பிழையின்றிச் செயற்படுதல் என்பது அவ்வரிசை. மருந்து கொடுப்பது இறுதியிலேயே வருகிறது என்பது கருதத்தக்கது. ஒரு மனிதனின் உடலுக்கு அவர் சொன்ன இம்முறையை ஓர் ஊரின் உடலுக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்காலத்தார் 'கொள்ளைநோயியல்' என வழங்கும் அறிவுத்துறையாகும்.

தமிழ் பயிற்றும் நாம் இத்துறைக்குள் புகுவது ஏன் என்று மாணவர்கள் வினவலாம். கொள்ளைநோயின் தொடக்கத்தை ஆராய்பவர் முதலிற் கையிலெடுக்கும் கருவி நுண்ணோக்கி அன்று; கேள்வி. யார், எங்கே, எப்போது என்று கேட்டு, கேட்டதைப் பிழையின்றி எழுதுவதே அவர் பணி. சொல்லைக் கேட்பதும் எழுதுவதும் நம் தொழில் ஆதலின், இதில் நமக்கும் பங்குண்டு. அன்றியும், நாம் வாழும் இம்முத்துக்கரை இந்தப் பாடத்தைத் துன்பத்தின் வாயிலாகக் கற்ற கரையாகும்.

எம் குடும்பத்துச் செய்தி

எம் உம்மும்மா தம் சிறுவயதில் கண்ட நிகழ்ச்சி ஒன்றைப் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறோம். கடற்கரையூர் ஒன்றில் அவர்கள் வாழ்ந்த தெருவில் வாந்திபேதி கண்டது. முதலில் இறந்தவர் உப்பளத்தில் வேலை செய்த ஏழை ஒருவர். பின்னர் வேறு வீடுகளிலும் இறப்பு நேர்ந்தது. நோய் தணிந்த பிறகும், "அந்த வீட்டிலிருந்துதான் பேதி வந்தது" என்ற பேச்சுத் தணியவில்லை. அவ்வீட்டுப் பெண்மக்களைக் கேட்டு நெடுங்காலம் எவரும் சம்பந்தம் பேச வரவில்லையாம். இதைச் சொல்லி முடிக்கும் போதெல்லாம் உம்மும்மா ஒன்றைச் சேர்த்துச் சொல்வார்கள்: "எல்லாரும் அந்த வீட்டைத்தான் கேட்டாங்க. எந்தக் கிணத்துத் தண்ணியைக் குடிச்சாங்கன்னு ஒருத்தரும் கேக்கலை."

எழுத்தறியாத அம்மூதாட்டியின் அச்சொற்களே இக்கட்டுரையின் கரு எனலாம்.

சலாபமும் வாந்திபேதியும்

கொற்கை முத்து சங்க நூல்களிற் புகழ்பெற்றது. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'எரித்திரியன் கடற்பயண நூல்' கொற்கைத் துறையின் முத்துக்குளிப்பைக் குறிக்கிறது. மார்க்கோ போலோ காயல் துறையின் வாணிகச் சிறப்பைப் பாராட்டுகிறார். பின்னூற்றாண்டுகளில் தூத்துக்குடியே முத்துக்கரையின் தலைநகராயிற்று. முத்துக்குளிக்கும் பருவத்தையும், அதன்பொருட்டுக் கூடும் கூட்டத்தையும் நம் மக்கள் 'சலாபம்' என்றனர். சிப்பி விளையும் கடலடித் திட்டுகள் 'பார்' எனப்பட்டன. தோலாயிரம் பார் அவற்றுட் பெயர்பெற்றது. பரதவரும், முஸ்லிம்களும், அரபுநாட்டினின்று வந்தோரும் ஒரே கடலில் மூழ்கினர். படகுக்குரிய சம்மாட்டியரும், சிப்பி ஏலம் எடுப்போரும், முத்து வணிகரும், உணவு விற்போரும் கரையிற் கூடினர். 1822, 1830, 1889, 1900, 1908 ஆகிய ஆண்டுகள் இக்கரையிற் சலாபம் கண்ட ஆண்டுகளுட் சில. 1955-இல் தொடங்கிய தொடர்ச் சலாபங்கள் 1961-உடன் நின்றன.

சலாபம் நடக்கும் இடத்தில் மனிதர் வாழ்ந்த நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். வெறும் மணற்பரப்பில் சில நாள்களில் ஓலைக் குடில்களாலான நகரம் ஒன்று எழும். ஆயிரக்கணக்கானோர் அதிற் கூடுவர். கடலோர நிலத்தடி நீர் உவர்ப்பாதலின் நன்னீர் அரிது. ஓரிரு கிணறுகளையே அனைவரும் நம்பியிருப்பர். கழிப்பிட வசதி என்பது ஏறத்தாழ இல்லை. 'கொட்டு' எனப்படும் அடைப்புகளில் சிப்பிகளைக் குவித்து அழுகவிடுவர். சதை அழுகிப் புழுத்த பின்னரே கழுவி முத்தெடுப்பர். அந்நாற்றம் காற்றில் நெடுந்தொலைவு செல்லும்.

1817-இல் வங்காளத்து யசோரில் எழுந்த காலரா 1818-இல் தென்னாட்டை எட்டி, அடுத்து இலங்கையிலும் புகுந்தது. அதன்பின் மன்னார் வளைகுடாவின் சலாபங்களுக்கு அந்நோய் நீங்காத அச்சமாயிற்று. வாந்திபேதி கண்டதும் மூழ்குவோர் ஊர்திரும்ப, சலாபம் இடையில் நின்ற செய்திகள் வளைகுடாவின் சலாபப் பதிவுகளில் உள்ளன. ஓடியவர்களுட் சிலர் நோயையும் தம்முடன் தத்தம் ஊருக்குக் கொண்டு சென்றிருப்பர் என்பதை உய்த்துணரலாம்.

அக்காலத்து மருத்துவருட் பலர் கெட்ட காற்றே காலராவுக்குக் காரணம் என்று நம்பினர். கொட்டுகளின் நாற்றத்தை நுகர்ந்த எவருக்கும் அக்கொள்கை மெய்யெனவே தோன்றும். ஆயினும், நாற்றம் எல்லார் மூக்கிலும் ஏறியது. நோயோ சிலரையே பற்றியது. இவ்வேறுபாடு ஏன் என்ற கேள்வியிலிருந்தே ஆய்வு பிறக்கிறது.

தண்ணீரைக் கேட்ட இருவர்

அக்கேள்வியை முறையாகக் கேட்டவர் இலண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ. 1854 ஆகஸ்டு இறுதியில் அந்நகரின் பிராட் தெருப் பகுதியில் காலரா வெடித்தது. பத்து நாள்களில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். ஸ்நோ வீடுவீடாகச் சென்று, இறந்தவர் எந்தக் குழாயின் நீரைக் குடித்தார் என்று கேட்டார். பெரும்பாலோர் பிராட் தெரு அடிகுழாயின் நீரைக் குடித்தவர்கள்.

விதிக்கு மாறாகத் தோன்றியவர்களே அவருக்குப் பெருந்துணை செய்தனர். அடிகுழாய்க்கு அருகிலிருந்த ஏழையர் இல்லத்தில் 535 பேர் வாழ்ந்தும் ஐவரே இறந்தனர். அவ்வில்லத்துக்குத் தனிக் கிணறு இருந்தது. தொலைவிலுள்ள ஹாம்ப்ஸ்டெட்டில், நோயே இல்லாத சூழலில், மூதாட்டி ஒருவர் காலராவால் இறந்தார். அவர் அந்த அடிகுழாய் நீரின் சுவையை விரும்பி நாள்தோறும் வண்டியில் வரவழைத்துக் குடித்தவர். செப்டம்பர் 8-ஆம் நாள் அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கிவிட்டது என்பதை ஸ்நோவே ஒப்புக்கொண்டார். அறிஞரின் நேர்மைக்கு இது சான்று.

எனினும் ஒரு கேள்வி எஞ்சியது: அந்நீரில் நோய் எவ்வாறு புகுந்தது? இதற்கு விடை கண்டவர் மருத்துவர் அல்லர். அப்பகுதியின் திருச்சபைப் பணியாளர் ஹென்றி வைட்ஹெட். ஸ்நோவின் கருத்தை மறுக்கும் எண்ணத்துடனேயே அவர் ஆய்வைத் தொடங்கினார். இறப்புப் பதிவேட்டைப் புரட்டியபோது, அடிகுழாயை அடுத்த வீட்டில் ஒரு கைக்குழந்தை பெரும்பரவலுக்குச் சற்று முன்னரே வயிற்றுப்போக்குக் கண்டு, பின்னர் இறந்ததைக் கண்டார். தாயிடம் சென்று வினவினார். குழந்தையின் துணிகளை அலசிய நீரை வீட்டின் முன்னிருந்த கழிவுக்குழியிற் கொட்டியதாக அத்தாய் கூறினார். தோண்டிப் பார்த்ததில், அக்குழியின் செங்கற்சுவர் சிதைந்து, கழிவு கிணற்றுக்குட் கசிந்தது தெரியவந்தது.

மறுக்க வந்தவர் மெய்யை ஏற்றார். அவர் அத்தாயைப் பழிக்கவில்லை, செய்தி கேட்டார். அவர் சொல்லால் குழியைக் கண்டார். குழியைக் கண்டதால் காரணம் தெளிந்தது. காலராக் கிருமியை இராபர்ட் காக் கல்கத்தாவில் உறுதிசெய்தது 1884-இல். கிருமி இன்னதென்று உலகம் ஏற்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, கேள்வியாலும் ஏட்டாலும் நோயின் வழி அறியப்பட்டுவிட்டது.

ஆய்வின் படிகள்

இன்றைய கொள்ளைநோய் ஆய்வின் படிகளைத் துறைமுகத்தை அடுத்த ஒரு தெருவைக் கற்பனை செய்து விளக்குவோம்.

முதலாவது, நோயை உறுதிசெய்தல். நோயாளியின் மலமாதிரியை, கூடுமானவரை மருந்து கொடுக்கும் முன்னரே எடுத்து, கேரி-பிளேர் எனும் ஊடகத்தில் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, வரையறை. 'இன்ன நாளுக்குப் பின், இன்ன தெருவில், ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் நீராகக் கழிந்தவர்' என எவரைக் கணக்கிற் கொள்வது என்று முன்னரே வகுத்தல் வேண்டும். வரையறை இன்றேல் எண்ணிக்கைக்குப் பொருள் இல்லை. இலக்கண நூலார் முதற்கண் குறியீடுகளை விளக்கிக் கொள்வது போன்றது இது.

மூன்றாவது, பட்டியல். ஒருவருக்கு ஒரு வரி. பெயர், அகவை, இருப்பிடம், தொழில், நோய் தொடங்கிய நாளும் வேளையும், குடித்த நீர், உண்ட உணவு, அண்மையிற் சென்று வந்த ஊர் ஆகியவை அவ்வரியில் இடம்பெறும்.

நான்காவது, காலம், இடம், ஆள் என மூன்றாகப் பகுத்து நோக்கல். அகப்பொருளுக்கு முதல், கரு, உரி என மூன்று வகுத்தார் தொல்காப்பியர். கொள்ளைநோயியலுக்கும் மூன்று என்று மாணவர்கள் நினைவிற் கொள்ளலாம். நாள்தோறும் நோயுற்றோர் தொகையைக் கட்டங்களாக வரைந்தால், ஒரே விருந்தில் உண்டதால் வந்த நோய் சட்டென ஏறிச் சட்டென இறங்கும். ஆளுக்கு ஆள் தொற்றுவது படிப்படியாக ஏறும். காலராவின் நோயரும்பு காலம் சில மணி முதல் ஐந்து நாள் வரை. எனவே முதலில் நோயுற்றவரின் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால், நஞ்சு புகுந்த நாள்களை அணுகலாம்.

ஐந்தாவது, கருதுகோளும் ஒப்பீடும். நம் கற்பனைத் தெருவில் லாரித் தண்ணீர் குடித்தோர் 40 பேர். அவருள் 20 பேர் நோயுற்றனர். குழாய்த் தண்ணீர் குடித்தோர் 40 பேர். அவருள் இருவரே நோயுற்றனர். முன்னது நூற்றுக்கு 50, பின்னது நூற்றுக்கு 5. பத்து மடங்கு வேறுபாடு லாரியை நோக்கி விரல் நீட்டுகிறது. நோயுற்றோரை மட்டும் கேட்டு, நோயுறாதோரைக் கேளாது விட்டிருந்தால் இவ்வுண்மை புலப்பட்டிராது.

ஆறாவது, தடுத்தல். ஆய்வு முற்றுப்பெறும் வரை தடுப்பு காத்திருக்கலாகாது. நீரைக் கொதிக்கவைத்தல், குளோரின் கலத்தல் ஆகியவற்றை ஐயம் எழுந்த அன்றே தொடங்க வேண்டும். நோயுற்றோருக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் உயிர் காக்கும்: ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. 1971-இல் வங்கதேச ஏதிலியர் தங்கியிருந்த பன்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இத்தகைய கரைசலால் காலரா இறப்பை நூற்றுக்கு நான்கினும் குறைத்துக் காட்டினார்.

தட்டப்பாறை தந்த படிப்பினை

தூத்துக்குடிக்கும் மணியாச்சிக்கும் இடையே தட்டப்பாறை எனும் சிறு நிலையம் உள்ளது. 1896-இல் பம்பாயில் பிளேக் புகுந்த பின், இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரைக் கப்பலேற்றும் முன் சில நாள் தங்கவைத்துச் சோதிக்கும் முகாம் அங்கு இயங்கியது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடி வழி இலங்கைப் போக்குவரத்து நிலைத்த பின் அப்பணி மண்டபம் முகாமுக்கு மாறியது.

ஒரு நோயரும்பு காலம் முழுதும் தங்கவைத்துப் பார்த்தல் எனும் கொள்கை அறிவுக்கு ஒத்தது. ஆனால் அது யார்மீது கடுமையாக விழுந்தது என்பதையும் நோக்க வேண்டும். ஏழைத் தொழிலாளியே நோயின் உருவாகக் கருதப்பட்டார். பிளேக்கோ எலியோடும் அதன் தெள்ளுப்பூச்சியோடும் பயணம் செய்வது. பால் லூயி சீமோன் எனும் பிரெஞ்சு மருத்துவர் 1898-இல் கராச்சியில் அவ்வுண்மையைச் சோதனையாற் காட்டினார். மனிதனை மட்டும் சோதித்துச் சரக்கைச் சோதிக்காத துறைமுகம் பாதிக் கதவை மட்டும் அடைத்த வீட்டை ஒக்கும்.

தனித்திருத்தல் எனும் நெறி இஸ்லாமிய வரலாற்றிலும் பழமையானது. கொள்ளைநோய் கண்ட ஊருக்குட் புகவேண்டா, அவ்வூரிலிருந்து தப்பியோடவும் வேண்டா என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுறுத்தல். ஹிஜ்ரி 18-ஐ ஒட்டிச் சிரியாவில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சர்க் எனுமிடத்திலிருந்து திரும்பினார்கள். இறைவன் விதித்ததினின்று ஓடுவதா எனத் தோழர் அபூ உபைதா (ரலி) வினவ, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்னும் கருத்துப்பட விடையிறுத்தார்கள். நோயுற்றோரை வெறுக்கும் குறிப்பு இந்நெறியில் எங்கும் இல்லை. உள்ளிருப்பவர் வெளியிலுள்ளவரைக் காக்கத் தம்மைக் கட்டுப்படுத்திக் கொள்கிறார். அதனால் அவர் வெளியிலுள்ளோரின் நன்றிக்கு உரியவராகிறார்.

சென்னையில் தோன்றிய புதுவகை

அண்மைக் கால எடுத்துக்காட்டு ஒன்று நம் தமிழகத்திலேயே உண்டு. காலராக் கிருமியில் பல வகைகள் இருப்பினும், 'ஓ-1' எனும் வகையே பெருங்கொள்ளை நோயாகப் பரவும் என 1992 வரை உலகம் நம்பியது. அவ்வாண்டு அக்டோபரில் சென்னையில் காலரா அறிகுறிகளுடன் வந்தோரிடம் கண்ட கிருமி 'ஓ-1' சோதனைக்கு இணங்கவில்லை. மதுரை, வேலூர் ஆகிய இடங்களிலும் அத்தகைய கிருமி காணப்பட்டது. சில திங்களில் கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் அது எட்டியது. வங்கதேசத்தில் மட்டும் 1993-இன் தொடக்கத் திங்களில் நோயுற்றோர் தொகை ஓர் இலட்சத்தைக் கடந்தது.

அதுவரை அறியப்பட்ட வகைகள் 138. இது 139-ஆவது ஆதலின் 'ஓ-139' எனப் பெயர் பெற்றது. இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. காலரா வழக்கமாக உள்ள நிலங்களில் குழந்தைகளே மிகுதியாக நோயுறுவர்; பெரியவர்களுக்குப் பழைய தொற்றினால் ஓரளவு எதிர்ப்பாற்றல் இருக்கும். இம்முறை பெரியவர்களே மிகுதியாக வந்தனர். பழைய எதிர்ப்பாற்றல் பயன்படாத புதிய கிருமி இது என்பதைத் தொடக்க நோயாளிகளின் அகவையே எடுத்துரைத்தது. மருத்துவமனை எழுத்தர் 'வயது' என்னும் கட்டத்தைச் சோம்பலால் வெறுமையாக விட்டிருந்தால் அச்சான்று மறைந்திருக்கும். பதிவேட்டின் ஒவ்வொரு கட்டமும் ஒரு சாட்சியம் என்பதற்கு இதனினும் சிறந்த உரை வேண்டா.

2018 மே திங்களில் கேரளத்துக் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா வைரசு கண்டபோதும் இதே பாடம் கிடைத்தது. முதலாமவர் இறந்தபோது காரணம் தெரியவில்லை. அதே குடும்பத்தில் அடுத்தவரும் அதே குறிகளுடன் வந்தபோது மருத்துவர்கள் ஐயுற்று மாதிரிகளை ஆய்வுக்கு அனுப்பினர். விரைவில் நோய் உறுதியாயிற்று. பின்னோக்கி ஆராய்ந்ததில், முதலாமவர் இருந்த மருத்துவமனைகளிலேயே பலருக்குத் தொற்றியது தெரிந்தது. தடுப்பும் அங்கிருந்தே தொடங்கிற்று.

பழி சுமத்தலின் தீங்கு

இனி, உம்மும்மா சொன்ன கிணற்றுக்குத் திரும்புவோம். முதல் நோயாளியைத் தேடுவது அறிவியல். முதல் நோயாளியைத் தண்டிப்பது அறியாமை. இரண்டும் ஒரே கேள்வியில் தொடங்குவதால் மக்கள் மயங்குகின்றனர்.

2020 மார்ச்சில் தில்லி நிஜாமுதீனில் நடந்த சமயக் கூட்டத்தில் கலந்துகொண்டோரிடம் கொரோனா தொற்று மிகுதியாகக் கண்டறியப்பட்டது. அவர்களையும் அவர்களோடு பழகியோரையும் தேடிச் சோதித்தது தேவையான ஆய்வே. அதற்கு ஒத்துழைப்பது கடமையே. ஆனால் அத்தொடர்பு ஆய்வு, ஒரு சமுதாயம் முழுவதன் மீதும் பழியாக மாறியதை நாம் கண்டோம். பின்னர் 2020 ஆகஸ்டில், பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அக்கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டினர் மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்து, அவர்கள் பலிகடாவாக்கப்பட்டனர் எனக் கருத்துரைத்தது.

இதனை நம் மனக்குறையாக மட்டும் எழுதவில்லை. நம் கரையிலேயே உப்பளத் தொழிலாளியின் குடும்பத்தை ஒதுக்கியவர்கள் வேறெவருமல்லர், நம் முன்னோரே. பழிக்கு ஆளானவர் வலியை அறிந்த நாம், பிறரைப் பழிக்கும் நாளில் அதனை நினைவுகூர வேண்டும்.

பழியினால் ஆய்வுக்கும் கேடு விளைகிறது. தன்னைக் குற்றவாளியாக்குவர் என அஞ்சுபவர் நோயை மறைப்பார். சென்ற இடத்தை மறைப்பார். இரவோடு இரவாக ஊரைவிட்டு அகல்வார். சாட்சி வாய்மூடினால் வழக்குத் தோற்கும். கிணறு திறந்தே கிடக்கும்.

முடிவுரை

தூத்துக்குடியின் குடிநீர் வரலாற்றில் நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்து அவர்களுக்குத் தனியிடம் உண்டு. தாமிரபரணி நீரை வல்லநாட்டிலிருந்து நகருக்குக் கொணர அவர் உழைத்தார். அவரை ஊர் இன்றும் போற்றுவதன் பொருள் யாது? நோய்க்கு ஆளைத் தேடாது, நீரைத் தேடினார் என்பதே.

1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், குறித்த தொற்றுநோய்களைக் கண்டவுடன் அறிவிக்கும் கடமையை வகுத்தது. சட்டம் மருத்துவரைக் கட்டுப்படுத்தும். பொறுப்பு நம் அனைவருக்கும் உரியது. ஒரே தெருவில், ஒரே விடுதியில், ஒரே திருமண வீட்டில் இருவர் மூவருக்கு ஒரே குறி கண்டால் மாணவர்கள் அதை அன்றே சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆசிரியர்கள் வருகைப் பதிவேட்டில் ஒரே நாளில் பலர் வராமையை ஐயத்துடன் நோக்க வேண்டும். ஜமாஅத்துப் பெரியோர்கள், கேள்வி கேட்டு வருவோரை வாசலில் நிறுத்தாமல், வீடுவீடாக அழைத்துச் சென்று உண்மை சொல்லச் செய்ய வேண்டும். முதலில் நோயுற்ற வீட்டுக்கு உணவும் ஆறுதலும் அனுப்ப வேண்டும்.

மூச்சடக்கி மூழ்குபவன் கடலடியில் எல்லாச் சிப்பியையும் திறந்து பார்ப்பதில்லை. எடுத்து வந்து, கரையில் பொறுமையோடு ஒவ்வொன்றாகத் தேடுகிறான். கொள்ளைநோய் ஆய்வும் அத்தகைய பொறுமையை வேண்டுவது. அடுத்த முறை நம் தெருவில் நோய் கண்டால், "யார் வீட்டிலிருந்து வந்தது?" என்று கேட்கும் நாவை அடக்கி, "எந்தத் தண்ணீரைக் குடித்தீர்கள்?" என்று அன்போடு கேட்போமாக.